இரண்டு பக்கமும் வளைந்த பல்

ரிப்போர்ட்டின் முடிவு முதலில் வந்தது. உடைந்த கியர் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

முடிவு ஒரு துண்டுச் சீட்டில் இருந்தது. மானேஜரின் சாய்ந்த கையெழுத்தில், "ஓவர்லோடு. மாலைக்குள் டைப் செய்து அனுப்பவும்." கியர் ஒரு பழைய சாக்கில் சுற்றி, எண்ணெய் வடிந்தபடி டிராலியில் வந்து இறங்கியது. ஆளைப் பார்க்காமலே நோய்க்குப் பெயர் எழுதித் தருகிற டாக்டரை நான் பார்த்ததில்லை. எங்கள் மானேஜரைப் பதினாறு வருடமாகப் பார்க்கிறேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டிலும் வேலையிலும் சொல்வார்கள். சொல்லட்டும். என் வேலை அப்படி. ஒரு கியர் தொழிற்சாலையின் சோதனைக் கூடம் என் பொறுப்பில் இருக்கிறது. கியரின் ஒரு பல்லை மெஷினில் மாட்டி, ஒரே இடத்தில், ஒரே சுமையில், நொடிக்கு நாற்பது தடவை அமுக்கிக்கொண்டே இருப்பேன். ஒரு தடவை அமுக்கினால் அசையாத இரும்பு, ஐந்து லட்சமாவது தடவையில் ஒடியும். அதற்குப் பெயர் களைப்பு. ஐம்பது லட்சம் தடவை தாங்கிவிட்டால் "பாஸ்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். என் வீட்டுக்காரர் பல் ஆஸ்பத்திரியில் பல் செட் செய்கிறவர். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் பல்லில்தான் பிழைப்பு என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

சீட்டை மேஜைமேல் வைத்து, அதன்மேல் டீ டம்ளரை வைத்தேன். பிறகு சாக்கைப் பிரித்தேன்.

அந்தக் கியரின் கதை எல்லாருக்கும் தெரியும். கட்டிக்கொண்டிருக்கும் மாடிக் கட்டடங்களின் வெளிப்பக்கம், ஆளையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஒரு கூண்டு மேலும் கீழும் ஓடுமே, அந்த லிஃப்டின் கியர் அது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கூண்டு பதினோராவது மாடியைத் தாண்டும்போது உள்ளே கியர் உடைந்து, மூன்று மாடி நழுவி, பிரேக் பிடித்து நின்றது. நின்ற அதிர்ச்சியில் உள்ளே இருந்த கொத்தனாருக்கு இரண்டு காலும் நொறுங்கின. லிஃப்டை ஓட்டியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுவே அவர் செய்த குற்றம் ஆகிவிட்டது. அளவுக்கு மேல் ஏற்றினேன் என்று அன்றைக்கே அவரிடம் எழுதி வாங்கிவிட்டார்கள். வேலை போனது, லைசென்ஸ் போனது. மூன்று வாரத்தில் கடைசி விசாரணை. தொழிற்சாலையின் ரிப்போர்ட்டும் "ஓவர்லோடு" என்று சொல்லிவிட்டால் அவர் ஜெயிலுக்குப் போவார்.

முப்பத்தொரு பல் உள்ள கியர். மூன்று பல் அடியோடு போயிருந்தன. அதில் இரண்டு, முதல் பல் போன பிறகு அடிபட்டு உடைந்தவை. அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. முதலில் போன பல்லின் அடியைக் கழுவித் துடைத்து, லென்ஸுக்குக் கீழே வைத்தேன்.

அதிகச் சுமையால் ஒரே அடியில் ஒடிந்த பல், ஒடிந்த இடம் முழுக்கக் கல் உப்பு மாதிரி சொரசொரவென்று இருக்கும். இது அப்படி இல்லை. பல்லின் இடது அடியிலிருந்து ஒரு வழவழப்பான பிறை உள்ளே வளர்ந்திருந்தது. அதில் ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய கோடுகள். விரிசல் கொஞ்சம் போய், நின்று, மறுபடி கொஞ்சம் போன தடம் அது. சரி, களைப்புதான் என்று லென்ஸை வலது பக்கம் நகர்த்தினேன். அங்கேயும் ஒரு பிறை. அதே வழவழப்பு, அதே கோடுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி அகலத்துக்குத்தான் உப்புச் சொரசொரப்பு இருந்தது. கடைசி நாளன்று கூண்டையும் அதற்குள் இருந்த இரண்டு பேரையும் அந்தத் தீக்குச்சி அகல இரும்புதான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் வளைகிற பல்லில் ஒரு பக்கம்தான் விரிசல் விழும். இரண்டு பக்கமும் விழுந்திருக்கிறது என்றால், இந்தப் பல் ஓடும்போது இரண்டு பக்கமும் வளைந்திருக்கிறது. நான் இதே கியரைச் சோதித்தபோது ஒரு பக்கம்தான் அமுக்கினேன்.

அலமாரியிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்தேன். பன்னிரண்டு பல், ஒவ்வொன்றும் ஐம்பது லட்சம் தடவை, ஒன்றுகூட ஒடியவில்லை. "பாஸ்." கீழே என் கையெழுத்து, அவசரமே இல்லாமல் அழகாகப் போட்டது. கிழித்துப் போடலாம் போல இருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. சோதனைக் கூடத்துக்கு ஒரு கியர் வரும், அதன் நம்பர் வரும், எவ்வளவு சுமையில் அமுக்க வேண்டும் என்று ஒரு வரி வரும். அது எந்த மெஷினுக்குப் போகிறது, உள்ளே எங்கே உட்காருகிறது என்று சொல்ல மாட்டார்கள். முழு வரைபடம் டிசைன் ஆபீஸில் பூட்டிக் கிடக்கும். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு வரைபடத்தை வெளியே விற்றுவிட்டானாம், அன்றிலிருந்து நாங்கள் எல்லாரும் திருடர்கள். பதினாறு வருடத்தில் நானும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது சுகமாகத்தான் இருந்தது. வந்ததை அமுக்கு, எண்ணு, எழுது, வீட்டுக்குப் போ.

அன்றைக்குத்தான் முதன்முதலாக அசெம்பிளி ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த ஃபிட்டர் ஒரு புதுப் பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த நம்பர் கியர் எங்க உக்காருது?"

அவர் விரலை நடுவில் வைத்தார். "இங்க. மோட்டார் பக்கத்துச் சின்னது இதைத் தள்ளும். இது வாங்கி அந்தப் பக்கத்துப் பெரிசைத் தள்ளும். நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் இடி வாங்குறது இதுதான்."

கையால் மெல்லச் சுற்றிக் காட்டினார். ஒரு பல் முதலில் இந்தப் பக்கம் அடி வாங்கியது. அரைச் சுற்றுப் போனதும் அதே பல் முதுகுப்பக்கம் அடி வாங்கியது. ஒரே சுற்றில் இப்படியும் அப்படியும். ஒரு கம்பியை ஒரு பக்கமாகவே வளைத்து விட்டால் நாள் தாங்கும். இப்படியும் அப்படியும் ஆட்டினால் சீக்கிரம் போய்விடும். அப்படி ஆடுகிற பல்லுக்குப் பத்தில் ஏழு பங்கு பலம்தான் கணக்கு. இது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, முதல் வருடம் படிக்கிறவர்களுக்கே தெரியும்.

"ஏம்மா, இதை டெஸ்ட் பண்ணதே நீங்கதானே? உங்களுக்குத் தெரியாதா?" என்று ஃபிட்டர் கேட்டார். அவர் குத்திப் பேசுகிற ஆள் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதனால் இன்னும் சுருக்கென்றது.

மானேஜருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் "பார்க்கலாம்". எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். லீவு கேட்டாலும் பார்க்கலாம், புது லென்ஸ் கேட்டாலும் பார்க்கலாம். எதையும் பார்த்ததாக வரலாறு இல்லை. துண்டுச் சீட்டை அவர் மேஜையில் வைத்தேன்.

"சார், இது ஓவர்லோடு இல்ல. களைப்பு. ரெண்டு பக்கமும் விரிசல் இருக்கு. கியர் நடுவுல உக்காருது, நாம ஒரு பக்கம்தான் டெஸ்ட் பண்ணியிருக்கோம்."

"நாமன்னு சொல்லாதீங்க," என்றார். குரல் உயரவே இல்லை. "பாஸ்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன? உங்க கையெழுத்தை நீங்களே தப்புங்கறீங்களா?"

"ஆமா சார்."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. "லென்ஸ்ல ரெண்டு கோடு தெரிஞ்சா போதுமா? நாளைக்கு விசாரணைல எவனாவது கேட்டா நம்பர் வேணும். நிரூபிங்க. நிரூபிச்சா பார்க்கலாம்."

நிரூபி என்று ஒரு ஆள் என்னிடம் சொல்லிவிட்டால் அவ்வளவுதான். எனக்கு வேறு எதுவும் காதில் விழாது. படி இறங்கும்போதே, இரண்டு பக்கமும் அமுக்குகிற மாதிரி மெஷினில் என்ன மாட்ட வேண்டும் என்று மனதுக்குள் வரைய ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் என் கொழுந்தனைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரரின் தம்பி. மாடியில் இருக்கிறான், சாப்பாடு கீழே எங்களோடு. எங்கள் தொழிற்சாலையின் டிசைன் ஆபீஸில்தான் வேலை. நான் சொல்லிச் சேர்த்துவிட்டது. அந்த லிஃப்ட் கியர்பெட்டியை வரைந்தவன் அவன்தான் என்பதை முந்தின நாள்தான் தெரிந்துகொண்டேன். ஒரே வீட்டில் உட்கார்ந்து ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடுகிறோம், வேலையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அந்த அளவுக்கு எங்களுக்கு விசுவாசம்.

"நடு கியர்னா பத்துல ஏழுதான். உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சும் ஏன் கழிக்கல?"

அவன் மென்று விழுங்கினான். "டெஸ்ட்லயே ரெண்டு பக்கமும் அமுக்கியிருப்பீங்கன்னு நினைச்சேன். அண்ணி பாஸ் போட்டுட்டாங்க, அப்போ எல்லாத்தையும் பார்த்துத்தான் போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"எனக்கு ஒத்தைச் சக்கரத்தை அனுப்பிட்டு, அது எங்க உக்காருதுன்னுகூட சொல்லாம, நான் ரெண்டு பக்கமும் அமுக்கியிருப்பேன்னு நீ எப்படி நினைக்கலாம்? நீ டிசைன்ல கழிச்சிருப்பேன்னு நான் நினைச்சேன்!"

"நீங்க கேட்டிருக்கலாமே?"

"நீ சொல்லியிருக்கலாமே!"

"ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க," என்றார் வீட்டுக்காரர். எந்தச் சண்டையிலும் அவர் சொல்வது இது ஒன்றுதான். உலகம் இடிந்து விழுந்தாலும் முதலில் சாப்பிடச் சொல்வார்.

கொழுந்தன் தட்டைத் தள்ளினான். "அண்ணி, ஒரே ஒரு லிஃப்ட்தான் விழுந்துச்சு. அதே பெட்டி போட்டது இன்னும் எட்டு இடத்துல ஓடுது. அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே? அப்போ இங்க அந்த ஆள் ஏதோ தப்பாத்தானே ஓட்டியிருக்கணும்?"

"ஒண்ணும் ஆகலைன்னா, இன்னும் ஆகலைன்னு அர்த்தம்," என்றேன்.

நல்ல பதில். சொன்ன வாய்க்கு எனக்கே ஒரு பெருமை. கை கழுவிவிட்டு வேலைக்குப் போனேன்.

பல்லை இரண்டு பக்கமும் பிடிக்கிற தாடை ஒன்று செய்ய நாலு நாள் ஆயிற்று. பட்டறைக்காரர் கேட்கும்போதெல்லாம் "அவசரம்" என்றேன், நான் சொல்லும்போதெல்லாம் அவர் தலையாட்டினார். ஐந்தாவது நாள் முதல் பல்லை மாட்டினேன். இரண்டு பக்கமும் அமுக்குவதால் மெஷின் மெதுவாகத்தான் போகும், நொடிக்குப் பத்து தடவை. ஸ்விட்சைப் போட்டுவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, எண் ஏறுவதைப் பார்த்தேன். பதினாறு வருடத்தில் ஒரு பல் ஒடிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை வந்தபோது மெஷின் நின்றிருந்தது. ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். பல் ஒடிந்து தட்டில் கிடந்தது. எடுத்து லென்ஸில் வைத்தேன். இடது பக்கம் ஒரு பிறை, வலது பக்கம் ஒரு பிறை, நடுவில் உப்பு. பழைய சோதனையில் ஐம்பது லட்சம் தாங்கிய அதே கியர், அதே சுமை. ஆள் இல்லாத கூடத்தில் மேஜையைத் தட்டி, "செத்தான்டா பார்க்கலாம்!" என்று கத்தினேன்.

இரண்டாவது பல் ஆறு லட்சத்து நாற்பதாயிரம். மூன்றாவது எட்டு லட்சம். ஒவ்வொரு நாளும் ஒரு பல். ஒவ்வொரு காலையும் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கூடத்துக்கு ஓட்டமாக ஓடினேன். இரண்டு பல் போதுமே, மூன்று போதுமே என்று யாராவது கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். பழைய ரிப்போர்ட்டில் பன்னிரண்டு பல் பாஸ் என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்க இதிலும் பன்னிரண்டு வேண்டும். பத்துப் பல்லோடு போனால், மீதி இரண்டும் தாங்கியிருக்கும் என்று பார்க்கலாம் சொல்வார். எங்கள் தொழிலில் குறைச்சலான எண்ணிக்கைக்கு மரியாதை இல்லை. அந்த மரியாதையை நான் விடுவதாக இல்லை.

ஏழாவது பல் ஓடும்போது கொழுந்தன் கூடத்துக்கு வந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் ஒரு தாளை மேஜைமேல் வைத்தான். அவன் போட்ட பழைய கணக்கு. நடுவில், விட்டுப்போன இடத்தில், சிவப்பு மையில் பத்தில் ஏழு என்று எழுதிக் கீழே புது விடையும் போட்டிருந்தான். கீழே அவன் கையெழுத்தும் அன்றைய தேதியும்.

"இதையும் சேர்த்துக்கங்க," என்றான். போகும்போது கதவருகில் நின்று, "என் மேலயும் தப்புதான் அண்ணி," என்றான். அன்று சாயங்காலம் அவனுக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடப் போட்டேன்.

பன்னிரண்டாவது பல்லும் ஒடிந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ரிப்போர்ட் அடித்தேன். படங்கள், எண்கள், கொழுந்தனின் கணக்கு எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில், "முந்தைய சோதனை தவறான முறையில் செய்யப்பட்டது. செய்தவர் நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 

பார்க்கலாம் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார். ரிப்போர்ட்டை மூடி, மேஜை டிராயரைத் திறந்து, உள்ளே போட்டுச் சாத்தினார்.

"பார்க்கலாம்," என்றார்.

"என்னத்தைப் பார்க்கப் போறீங்க? திங்கக்கிழமை விசாரணை!"

"விசாரணைக்குப் போற ரிப்போர்ட் அன்னைக்கே போயிடுச்சு. ஓவர்லோடுதான். நீங்க டைப் பண்ணலைன்னா இந்த ஆபீஸ்ல வேற ஆளே இல்லையா?"

அதாவது என்னைப் பன்னிரண்டு பல்லோடு விளையாட விட்டுவிட்டு, அவர் தன் வேலையை முதல் நாளே முடித்துவிட்டார். அவர் மேஜையில் இருந்த கண்ணாடிப் பேப்பர்வெயிட்டை எடுத்து எறிந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாகி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "இன்னொரு காப்பி எங்கிட்ட இருக்கு. அது யார் கைக்குப் போகணுமோ அங்க போகும்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சனிக்கிழமை காலை அந்த லிஃப்ட்காரர் வீட்டைத் தேடிப் போனேன். விலாசம் ஃபிட்டர் வாங்கித் தந்தது. ஒரு குறுகலான சந்து, இரண்டாவது மாடி, கம்பிப் படி. போகிற வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். நீங்கள் குற்றவாளி இல்லை, இதோ அத்தாட்சி, இருபத்திரண்டு பக்கம். அவர் அழுவார், கும்பிடுவார், அதெல்லாம் வேண்டாம் என்று நான் தடுப்பேன். இவ்வளவும் யோசித்தேன்.

கதவைத் திறந்த பெண் அவர் மனைவி. உள்ளே ஒரே அறை. ஜன்னலோரம் ஒரு கட்டில், அதில் முப்பது வயசு சொல்லக்கூடிய ஒருவர், இரண்டு காலிலும் கம்பி போட்டுக் கட்டியபடி படுத்திருந்தார். மறு மூலையில், சுவரைப் பார்த்தபடி, நரைத்த தலையோடு ஒருவர் பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் லிஃப்ட்காரர். கட்டிலில் இருந்தவர்தான் கால் நொறுங்கிய கொத்தனார். கொத்தனார் அந்த அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இது எனக்கு யாரும் சொல்லாத செய்தி.

அந்த அம்மா புருஷனிடம் பேசுவதில்லை என்பது இரண்டு நிமிடத்தில் புரிந்தது. "யாரோ வந்திருக்காங்கன்னு அவர்கிட்ட சொல்லு," என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு அதைத் தம்பி சொல்ல வேண்டியிருந்தது. "மாமா, யாரோ உங்களைப் பார்க்க வந்திருக்காங்க."

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கியர் நடுவில் இருக்கிறது, இரண்டு பக்கமும் வளைகிறது, நாங்கள் ஒரு பக்கம்தான் பார்த்தோம், பன்னிரண்டு பல்லும் ஒடிந்தது. லிஃப்ட்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"நான் அதிகமா ஏத்தலையாம்மா?" என்று கேட்டார்.

"உங்களுக்கே தெரியாதா அண்ணே?"

"அன்னைக்கு சிமெண்ட் மூட்டை எத்தனைன்னு எண்ணித்தான் ஏத்தினேன். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல... நானும் ஒண்ணு ரெண்டு கூட ஏத்திட்டேனோன்னு..."

"நீங்க ஏத்துனது சரி. நான் பாஸ் பண்ணதுதான் தப்பு."

அவர் மனைவி கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு மாதத்தில் முதன்முதலாகப் புருஷன் முகத்தை நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பார்த்ததோடு சரி, பக்கத்தில் போகவில்லை. என் பக்கம் திரும்பி, "ரெண்டு மாசம்," என்றார். "இந்த மனுஷனை நான் ரெண்டு மாசம்..." என்று நிறுத்தினார். அந்தக் கோபத்தை யார்மேல் வைப்பது என்று அவர் முகம் தேடிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வைத்தால் என்மேல்தான் வைக்க வேண்டும்.

அப்போதுதான் கட்டிலில் இருந்தவர் பேசினார். முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார்.

"மேடம், மத்த லிஃப்ட்டெல்லாம் நிறுத்திட்டாங்களா?"

நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அதில் எங்கும் அதற்குப் பதில் இல்லை.

"இல்லை," என்றேன்.

"இந்த விரிசலை நீங்க எப்போ பார்த்தீங்க?"

"பத்தொன்பது நாள் ஆச்சு."

"பத்தொன்பது நாளா அதே கியர் எல்லா இடத்துலயும் ஓடிக்கிட்டிருக்கா?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது வரும். "பத்தொன்பது நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

எண்ணிக்கொண்டிருந்தேன். தாடை செய்தேன், பல்லை ஒவ்வொன்றாக மாட்டினேன், ஒடிந்ததற்கெல்லாம் கை தட்டினேன். எட்டு இடத்தில் ஓடுகிறது என்று கொழுந்தன் சொன்ன காலையில், அவன் வாயை அடைக்க எனக்கு நல்ல பதில் கிடைத்தது, அதோடு அதை மறந்தேன். மெஷினில் ஒரு பல் ஒடிந்த ஒவ்வொரு காலையும், வெளியே எட்டுக் கூண்டுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போயிருக்கின்றன. நான் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக. பார்க்கலாமைத் தோற்கடிக்க வேண்டும் என்பதற்காக. பதினாறு வருடமாக எல்லார்மேலும் வைத்திருந்த கோபம் அத்தனையும் திரும்பி வந்து என் தலையில் இறங்கியது. அதற்கு நான் தகுதியானவள்தான். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

"எனக்கு அந்த இடமெல்லாம் தெரியாது," என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. "எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க."

"எனக்குத் தெரியும்," என்றார் லிஃப்ட்காரர். எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து போனை எடுத்தார். "ஓட்டுறவங்க எல்லாரும் எங்க ஆளுங்கதான். எட்டு பேர் நம்பரும் இதுல இருக்கு. ஆனா நான் சொன்னா கேக்க மாட்டாங்கம்மா. கூண்டை விழ வெச்சவன்னுதான் என்னை நினைச்சிட்டிருக்காங்க. நீங்க பேசுங்க."

நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் நாலு தடவை மணி அடித்தது. காற்று இரைச்சல், இரும்பு தட்டும் சத்தம், அதற்கு நடுவில் ஒரு குரல், "சொல்லுண்ணே."

"நான் அவர் இல்ல. கியர் ஃபேக்டரியிலிருந்து பேசறேன். உங்க லிஃப்ட்டை உடனே நிறுத்துங்க. உள்ள இருக்கிற கியர் தாங்காது."

"யாரும்மா சொல்றது? எங்களுக்கு மேல இருந்து ஒண்ணும் வரலையே. தாங்கும்னு பேப்பர் ஒட்டியிருக்கே இதுல."

"அந்தப் பேப்பர்ல கீழ ஒரு கையெழுத்து இருக்கா?"

"இருக்கு."

"அது என்னோடது. நான்தான் தாங்கும்னு சொன்னேன். நான்தான் இப்போ தாங்காதுன்னு சொல்றேன். நிறுத்துங்க."

அவர், "சரிம்மா, மூணு பேர் இருக்கோம், கீழ வந்து நிறுத்திடறேன்," என்றார்.

"வேணாம்! அதுல இறங்காதீங்க!" என்று கத்தினேன். கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். "வெளிய வாங்க. மூணு பேரும் படியில இறங்குங்க."

"பதினாலாவது மாடிம்மா."

"படியில இறங்குங்க," என்றேன். அவர்கள் கூண்டை விட்டு வெளியே வந்து கம்பிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு லிஃப்ட்காரரிடம் நீட்டினேன். அவர் அடுத்த நம்பரைப் போட்டார்.